வாங்கின் ஓரம்

திருகோணமலையில் பந்து என்றாலே பலருக்கு முதலில் உதைபந்துதான். நான் பயிற்சி கொடுப்பது கூடைப்பந்துக்கு. எங்கள் சீமெந்துத் தளம் கடலுக்குக் கிட்ட இருக்கிறது. கச்சான் காற்று வீசும் காலத்தில் மணலும் தூசியும் வந்து படியும். தும்புத்தடியால் கூட்டாமல் பந்தைத் தொட ஏலாது. அதனால் பெடியளுக்கு ஒரு பழக்கம்: இறங்குவதற்கு முன் சப்பாத்தின் அடியை உள்ளங்கையால் துடைப்பார்கள், வழுக்காமல் இருக்க.

ஒருவன் மட்டும் ஆட்டம் முழுக்க வாங்கின் ஓரத்தில் இருந்தபடி துடைத்துக்கொண்டே இருப்பான். 15 வயது. எந்த நேரமும் கூப்பிடுவேன் என்று ஆயத்தமாம். நான் கூப்பிட்டதோ கடைசி இரண்டு நிமிடத்தில், வெற்றியோ தோல்வியோ முடிவான பிறகு.

பயிற்சியில் கெட்டிக்காரன். இரண்டு கையாலும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவான். ஆட்டத்தில் மட்டும், பந்து கைக்கு வந்த கையோடு பக்கத்தில் நிற்பவனிடம் தள்ளிவிடுவான். "பயந்த சுபாவம்" என்று கொப்பியில் எழுதி வைத்தேன். ஒரு பெடியனின் சுபாவத்தை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்த பெரிய மனுசன் நான்.

ஒரு போட்டியில், பந்தைக் கொண்டுபோகிற எங்கள் மூத்த பெடியன் ஆட்டத்தின் நாலு பகுதியில் மூன்றாவது குவாட்டரிலேயே 5 ஃபவுல் வாங்கி வெளியே வந்துவிட்டான். வேறு ஆள் இல்லை, இவனை இறக்கினேன். பந்து கிடைத்தால் 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். எதிரணியில் இரண்டு பேர் வந்து நெருக்க, தாண்டாமலே பந்தைப் பறிகொடுத்தான். உடனே திரும்பி என்னைப் பார்த்தான். பந்து போன திசையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். அடுத்த முறையும் அப்படியே. விசில் ஊதிய இடைவெளியில் கோட்டுக்குக் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டான்:

"சேர், என்னை எடுக்கப் போறீங்களோ?"

"உன்னை எடுத்தா ஆர் தம்பி விளையாடுறது? போ."

ஊக்கம் கொடுப்பதற்காகச் சொன்னதில்லை அது. எங்கள் நிலவரம் அப்படி. ஆனால் அதற்குப் பிறகு அவன் என் பக்கம் திரும்பவேயில்லை. நாலாவது குவாட்டரில் பந்தைத் தட்டியபடி நின்றான். முன்னால் நிற்பவனின் பாரம் ஒரு காலுக்குச் சாயும் வரை பொறுத்து, மற்றப் பக்கத்தால் நுழைந்து போனான். ஆட்டம் தோல்விதான். என் கண்ணில் நின்றது அந்தப் பொறுமை.

அன்றிரவு கொப்பியைப் புரட்டினேன். 10 நிமிடப்படி 4 குவாட்டர், களத்தில் 5 பேர்: ஓர் ஆட்டத்துக்குப் பங்கிட 200 நிமிடம் இருக்கிறது. 12 பேர் கொண்ட அணியில் அதை நான் அநேகமாக ஏழு பேருக்குள்ளேயே முடித்திருந்தேன். முந்திய ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து இவனுக்குக் கிடைத்தது 11 நிமிடம். உடம்பு சூடாகும் முன்னம் ஒரு பிழை, பிழை விட்டதும் வெளியே. பிழை விடாதே என்பதைத்தான் நான் படிப்பித்திருக்கிறேன். பந்தைக் கையில் வைத்திருக்காதவன் பிழை விடமாட்டான், அதை அவன் சரியாகவே படித்திருக்கிறான்.

பிறகு இரண்டாவது குவாட்டர் முழுக்க அவனுக்கு என்று ஒதுக்கினேன், என்ன நடந்தாலும் எடுப்பதில்லை என்று. முதல் சில ஆட்டங்களில் அதற்கு விலை கொடுத்தோம். "சேருக்கு என்ன பிடிச்சது?" என்று ஒரு தகப்பன் மீன் சந்தையில் வைத்தே கேட்டார். மெல்ல மெல்ல எதிரணி நெருக்கும்போது ஆளைத் தேடிப் பந்து கொடுக்கத் தொடங்கினான். வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தை, ரீபவுண்டை, எடுக்க உள்ளே புகுந்தான். சத்தம் போட்டு மற்றவர்களை அவரவர் இடத்தில் நிறுத்தினான். ஒருவரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ மட்டும் இன்னும் படுமோசம். அதற்கு நிமிடம் கொடுத்து வேலையில்லை, பின்னேரம் தனியே நின்று எறிந்து பழக வேண்டும்.

அவனுக்குக் கொடுத்த 10 நிமிடமும் இன்னொருவனின் கணக்கிலிருந்து வந்தது. போன கிழமை ஆட்டத்தில் அந்த மற்றப் பெடியன் வாங்கின் ஓரத்தில் இருந்து சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னும் அவனோடு கதைக்கவில்லை.