காய்ச்சல் இல்லாத குளிர்நடுக்கம்: ஆர்68.83 எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

'குளிர்காய்ச்சல்' என்று நாம் ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். நோய்க்கும் அறிகுறிக்கும் குறியீட்டு எண் (கோடு) கொடுக்கும் அமெரிக்கப் பட்டியலான ஐசிடி-10-சிஎம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. குளிர்நடுக்கம் காய்ச்சலோடு வந்தால் ஆர்50.9, தனியாக வந்தால் ஆர்68.83. இந்தப் பிரிவினை முதலில் அதற்கு முந்தைய பட்டியலான ஐசிடி-9-சிஎம்மில் 780.64 என்ற கோடாக 2008 அக்டோபர் 1 அன்று வந்தது. 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி-10-சிஎம் நடைமுறைக்கு வந்ததும் ஆர்68.83 ஆனது. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10இல் ஐந்தாம் இலக்கம் இல்லை, அங்கே ஆர்68.8உடன் நின்றுவிடலாம். அமெரிக்கக் காப்பீட்டுக்கு அனுப்பும் கிளைமில் ஆர்68.8 என்று மட்டும் அனுப்பினால் முழுமையற்ற கோடு என்று திரும்பி வந்துவிடும்.

கோடின் தலைப்பில் 'காய்ச்சல் இல்லாமல்' என்று இருப்பதால், டாக்டர் 'காய்ச்சல் இல்லை' என்று எழுதினால்தான் இதைப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. வேறெந்த விவரமும் இல்லாத 'சில்ஸ்' (குளிர்நடுக்கம்) என்பதும் இதே கோடுக்குள்தான் அடங்கும். டாக்டர் 'சில்ஸ்' என்று மட்டும் எழுதி, காய்ச்சலைப் பற்றி எதுவுமே சொல்லாவிட்டாலும் ஆர்68.83 சரிதான். ஆனால் அதே விசிட்டில் காய்ச்சலும் இருப்பதாக டாக்டர் எழுதியிருந்தால் இந்தக் கோடுக்கு இடமில்லை. 'இரண்டையும் சேர்த்துப் போடாதே' என்னும் எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு அதைத்தான் சொல்கிறது: ஆர்50.9 போட்டாலே குளிர்நடுக்கமும் அதில் அடங்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கிளைமைச் சரிபார்க்கும் கணினிச் சோதனையில் (எடிட்) மாட்டும்.

சிக்கல் பெரும்பாலும் தெர்மாமீட்டரில்தான் தொடங்குகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் உடல் வெப்பத்தின் இலக்கை உயர்த்தியதும், அந்த இலக்கை எட்டத் தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. ஆக நடுக்கம் முந்திக்கொள்ளும், வெப்பம் பின்னால் ஏறும். நோயாளி வெடவெடத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் டிரையேஜில் (வந்ததும் செய்யும் முதல் பரிசோதனையில்) 37 டிகிரி செல்சியஸ் காட்டினால் ஆச்சரியமில்லை. அரைமணி, ஒருமணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் 38.0ஐ, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கலாம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தவருக்கு வெப்பம் ஏறாமலே போகலாம். வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குக் கடுமையான செப்சிஸிலும் (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை) காய்ச்சல் வராமல் இருப்பதுண்டு. காய்ச்சல் இல்லை என்றால் தொற்றும் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் டாக்டரின் குறிப்பில் சில விவரங்கள் இருந்தே ஆக வேண்டும்: வெப்பம் எவ்வளவு, வாயிலா காதிலா எடுத்தது, எத்தனை மணிக்கு, காய்ச்சல் மாத்திரை எப்போது எத்தனை மில்லிகிராம், நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, பல் கிட்டும் அளவுக்கா அல்லது வெறுமனே குளிருகிறது என்ற உணர்வா. கடைசி விவரம் எந்தக் கோடு என்பதையே மாற்றும். 'ரைகர்ஸ்' (உடலையே உலுக்கும் நடுக்கம்) என்று எழுதினால் அகரவரிசைப் பட்டியல் ஆர்68.89க்கு அனுப்புகிறது, காய்ச்சலோடு என்றால் அதுவும் ஆர்50.9தான். கை மட்டும் நடுங்குகிறது என்றால் ஆர்25.1. உடல் வெப்பமே 35 டிகிரிக்குக் கீழே இறங்கி, ஹைப்போதெர்மியா என்று டாக்டர் எழுதினால் கதை வேறு: குளிரில் மாட்டியதால் என்றால் டி68 பிரிவு (இங்கே டி என்பது ஆங்கில T), சுற்றுப்புறக் குளிர் காரணமில்லை என்றால் ஆர்68.0.

வைட்டல்ஸில் (வெப்பம், நாடித்துடிப்பு போன்ற பதிவுகளில்) 38.6 டிகிரி இருக்கிறது, டாக்டர் 'சில்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். கோடு போடும் பணியாளரான கோடர் தானாகவே ஆர்50.9 போடலாமா? கூடாது. எண்ணைப் பார்த்து நோயை முடிவு செய்வது கோடரின் வேலை இல்லை, டாக்டரிடம் விளக்கம் கேட்டு குவெரி அனுப்ப வேண்டும். 'காய்ச்சல் என்று சேர்க்கவும்' என்று எழுதினால் அது விடையைத் திணிக்கும் குவெரி. 'காலை 10 மணிக்கு 38.6 பதிவாகியுள்ளது, குறிப்பில் குளிர்நடுக்கம் உள்ளது. இதன் மருத்துவ முக்கியத்துவத்தைத் தெளிவுபடுத்தவும்' என்று கேட்டு, 'வேறு', 'தீர்மானிக்க இயலவில்லை' ஆகிய தேர்வுகளையும் கொடுங்கள். முன்பே நிரப்பி வைத்த டெம்ப்ளேட் படிவம் செய்யும் குழப்பத்துக்கும் இதே வழிதான். நோய் வரலாற்றில் 'இரண்டு நாளாக சில்ஸ்' என்றிருக்கும், உறுப்பு வாரியாக அறிகுறிகளைக் கேட்கும் ரிவ்யூ ஆஃப் சிஸ்டம்ஸில் தானாக நிரம்பிய 'காய்ச்சல் இல்லை, சில்ஸ் இல்லை' என்ற வரி அப்படியே கிடக்கும். ஆடிட்டில் இப்படிப்பட்ட சார்ட்தான் முதலில் அடிவாங்கும்.

காரணம் கண்டுபிடிக்கப்பட்டதும் அறிகுறிக் கோடு பெரும்பாலும் விலகிவிடும். அக்யூட் பைலோநெப்ரைட்டிஸ் (திடீரென வரும் சிறுநீரகத் தொற்று) என்றால் என்10, கோவிட் உறுதியானால் யூ07.1, டைப் 2 நீரிழிவில் சர்க்கரை தாழ்ந்து மயக்கமில்லாமல் நடுங்கினால் ஈ11.649. இவற்றோடு ஆர்68.83ஐ ஒட்டவைப்பதில் பயனில்லை, நடுக்கம் அந்த நோயிலேயே அடங்கியது. 'அக்யூட் பைலோநெப்ரைட்டிஸாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தால்? வெளிநோயாளி என்றால் சந்தேகத்துக்குக் கோடு இல்லை, ஆர்68.83தான். மருத்துவமனையில் சேர்ந்தவர் டிஸ்சார்ஜ் ஆகும்போதும் 'இருக்கலாம்' என்றே இருந்தால், அந்த நோய் இருப்பதாகவே எடுத்து என்10 போட வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் மாற்றிப் போட்டுக்கொள்வதுதான் புதிய கோடர்களிடம் அதிகம் பார்க்கக் கூடிய பிழை. கோவிட் தொடர்பில் இருந்தவருக்கு நடுக்கம் வந்து டெஸ்ட் நெகட்டிவ் ஆனால் ஆர்68.83உடன் அந்தத் தொடர்பைக் குறிக்கும் இசட்20.822 சேரும்.

மருந்தால் வந்தது என்றால் வரிசை முக்கியம். பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்போடெரிசின் பி மருந்தை ஏற்றும்போது காய்ச்சலின்றி நடுக்கம் வந்து, மருந்தின் பக்கவிளைவு என்று டாக்டர் எழுதினால் முதலில் ஆர்68.83, அடுத்து டி36.7எக்ஸ்5ஏ. வைரஸ் தடுப்பூசிக்குப் பின் என்றால் ஆர்68.83, பிறகு டி50.பி95ஏ. தடுப்பூசிக்குப் பின் காய்ச்சலும் வந்திருந்தால் முதல் இடம் ஆர்50.83க்கு. கிளைமில் ஏற்றும்போது புள்ளியை எடுத்துவிட்டு ஆர்6883 என்று போடுங்கள்.