அப்பாவின் தொழில்

2023 மாசியில் அப்பா இறந்து மூன்றாம் நாள், இறப்பைப் பதிவதற்காக நானும் அண்ணாவும் போயிருந்தோம். படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் தொழில் என்ன என்று கேட்டார். "கமம்" என்றார் அண்ணா; எங்கள் பக்கத்தில் வேளாண்மைக்கு அதுதான் சொல். காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்ற அடுத்த கேள்விக்கு, அது வேறொருவருடைய காணி, நாங்கள் குத்தகைக்குச் செய்கிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். படிவம் நிரப்பியவர் நிமிர்ந்து பார்க்காமலே "கூலித்தொழில்" என்று எழுதினார். அந்தச் சொல்லை மாற்றித் தரும்படி கேட்கும் நிலையில் அன்று நாங்கள் இருவருமே இருக்கவில்லை.

கூலித்தொழிலை நான் இழிவாக நினைக்கவில்லை. எங்கள் தாத்தாவும் அப்பாயியும் கூலி வேலை செய்துதான் என் அப்பாவை வளர்த்தார்கள். ஆனால் கூலிக்குப் போனவருக்கு அன்றைய வேலைக்கான காசு அன்று மாலையே கையில் வந்துவிடும்; மழை பொய்த்தாலும் வெள்ளம் வந்தாலும் அந்த நட்டம் அவருடையதன்று. அப்பாவோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விதைத்தவர், எந்த ஆண்டு எவ்வளவு போகும் என்று தெரியாமலே கடன்பட்டு விதைத்தவர். அதைக் கமம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

எங்கள் குடும்பம் வட இலங்கையின் வன்னிக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. தாத்தா மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்ததை அவர் கண்ணால் கண்டிருந்தார். 1977 ஆவணியில் தமிழருக்கு எதிரான வன்செயல், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசல்வரை வந்தபோது, பதினைந்து வயதான என் அப்பாவையும் இரண்டு அத்தைமாரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். அந்நாட்களில் வன்னியில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்ததால் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை இருந்தது, காடு வெட்டித் தோட்டம் செய்தவர்களுக்குக் கை போதவில்லை. மிளகாய் ஆயும் கூலியோடுதான் எங்கள் கிளிநொச்சி வாழ்க்கை தொடங்கியது.

பாரதிபுரத்தில் அரை ஏக்கர் பற்றையை வெட்டி ஒரு கொட்டில் போட்டார்கள். மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் என்று சுற்றியுள்ள பல குடியிருப்புகளுக்கும் எங்களைப் போல மலையகத்திலிருந்து வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். கிளிநொச்சியைத் தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். 1902இல் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்த இரணைமடுக் குளத்தின் நீர், 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு வாய்க்கால் வழியே போகிறது. 1930களிலிருந்து குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்த வாய்க்கால் ஓரத்து வயல்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நாங்கள் வந்தபோது பகிர்வதற்கு வயல் மிச்சமில்லை. எங்களுக்குக் கிடைத்தது வாய்க்கால் ஏறாத மேட்டுநிலம். ஆகவே வயல் செய்ய விரும்பிய எங்கள் ஊரவர் எல்லாரும் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு இன்னொருவருடைய வரம்புக்குப் போகவேண்டியிருந்தது.

தாத்தாவுக்கு உருத்திரபுரத்தில் நான்கு ஏக்கர் வயல் வாரத்துக்கு, அதாவது விளைச்சலைப் பங்கிடும் ஏற்பாட்டில், கிடைத்தது 1981இல். காணிக்காரர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். எங்கள் வீட்டில் அவரை இன்றும் வாத்தியார் ஐயா என்றுதான் சொல்வோம். கடுதாசி எதுவும் எழுதப்படவில்லை. வரம்பில் நின்று பேசியதே ஒப்பந்தம்: உழவும் உடல் உழைப்பும் தண்ணீர்க் காவலும் பன்றிக் காவலும் எங்களுடையவை, விதைநெல்லை ஐயா தருவார், உரத்திலும் மருந்திலும் ஆளுக்குப் பாதி. அறுவடையில் முதலில் விதைநெல்லைக் கழிப்பது, பிறகு அருவி வெட்டு என்னும் கதிரறுப்புக் கூலியைக் கழிப்பது, மீதியைச் சரிபாதியாக அளப்பது.

அந்த அளப்பைப் பற்றி அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். சூடு அடித்து (கதிரிலிருந்து நெல்லைப் பிரித்து), தூற்றி, சப்பி என்னும் பதரைப் பிரித்து, நெல்லைக் குவித்த பிறகு ஐயா வரும்வரை குவியலில் ஒருவரும் கைவைப்பதில்லை. வந்ததும் சாணியில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் குத்தி, கற்பூரம் கொளுத்திவிட்டு அளக்கத் தொடங்குவார்கள். களத்தில் நின்றுகொண்டு நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றே சொல்லவேண்டும் என்பதைத் தாத்தா இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். முதல் ஆண்டு அவர் வாய்தவறி "நெல்லு கொஞ்சம் கொறச்சலுங்க ஐயா" என்று சொல்லிவிட, வாத்தியார் ஐயா சிரித்துக்கொண்டு, "பெரியவர், இஞ்சை பொலி எண்டு சொல்லவேணும், அப்பதான் அது பெருகும்" என்றாராம். அந்த ஆண்டு உண்மையிலேயே விளைச்சல் குறைவு. குறைந்ததில் பாதி ஐயாவின் பாதியிலிருந்தும் போனது. இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். வாரம் என்ற ஏற்பாட்டில் காணிக்காரருக்குப் போன பங்கு மிகப் பெரியது என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் கெட்ட காலத்திலும் அவருக்குப் பங்கிருந்தது.

சட்டம் வேறு மாதிரிச் சொன்னது. 1958இல் விவசாய அமைச்சராக இருந்த பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், வாரக்குடிக்கு நிலையான, பிள்ளைகளுக்கும் தொடரக்கூடிய பயிர்செய்யும் உரிமையைக் கொடுத்தது. காணிக்காரருக்குச் சேரவேண்டியதற்கும் ஓர் உச்ச அளவை வைத்தது, அது விளைச்சலில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாது. 1979ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டமும் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் அந்தப் பாதுகாப்பை ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்தன. நாங்கள் கொடுத்தது பாதி. 1980களின் நடுவில், வாரக்குடியாகப் பதிந்தால் காணியிலிருந்து எவரும் எழுப்ப முடியாது என்று விபரம் தெரிந்த ஒருவர் தாத்தாவிடம் சொல்லியிருக்கிறார். தாத்தா மறுத்துவிட்டார். வந்த ஊரில் நம்பி வயலைத் தந்த மனிதருக்கு எதிராகக் கையெழுத்து வைப்பதா என்பது அவருடைய கேள்வி. அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒருவர் பதிந்தால் அடுத்த போகத்தில் மற்ற எவருக்குமே வயல் கிடைக்காது என்ற பயமும் அந்த மறுப்புக்குள் இருந்தது.

இன்னொரு சிக்கலை நான் படித்து வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். வாத்தியார் ஐயாவின் காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பெர்மிற் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அப்படிப்பட்ட காணியை அனுமதியில்லாமல் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது, நினைத்தபடி குத்தகைக்கு விடவும் முடியாது. எனவே எங்களுக்கு வாரத்துக்குத் தந்ததை அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அவருடைய பெர்மிற்றுக்கே கேள்வி வரலாம். எங்களைப் பாதுகாக்க ஒரு சட்டமும், காணி துண்டாடப்படாமல் காக்க ஒரு சட்டமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே தாத்தாவும் அப்பாவும் காகிதத்தில் இல்லாமற் போனார்கள்.

போர்க்காலத்தில், 1990களில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் டீசலும் யூரியாவும் வன்னிக்கு வராமல் நின்றபோது, உழவு இயந்திரம் அடித்த களத்தில் மறுபடி மாடுகள் சூடு மிதித்தன. 1996 புரட்டாதியில் கிளிநொச்சி நகரம் அரசாங்கப் படையினரிடம் போனது. நாங்கள் அக்கராயன் வழியாக மல்லாவிக்குப் போனோம். தாத்தா அங்கேயே 1998இல் காலமானார். போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் திரும்பி வந்து அப்பா அதே நான்கு ஏக்கரை மறுபடி வாரத்துக்கு எடுத்தார். அதற்குள் வாத்தியார் ஐயா தளர்ந்திருந்தார். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில்.

2008 மார்கழியில் இறுதிப் போரில் இடம்பெயர்ந்தபோது அப்பா சைக்கிளில் ஏற்றியது இரண்டு மூட்டை விதைநெல். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று போன வழியெல்லாம் பானை சட்டியைக்கூட விட்டுவிட்டு வந்தோம், அந்த மூட்டைகளை அவர் விடவில்லை. எங்கே போய் விதைக்கப்போகிறோம் என்று அம்மா கேட்டதற்கு அவர் பதில் சொன்னதில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்து மாத்தளனில் ஒரு நாள் அவரே மூட்டையை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்தார். உரல் இல்லை, ஏதோ ஒரு இரும்புக் குழாய்க்குள் போட்டுக் குத்தி, உமி பாதி போகாமலே கஞ்சி காய்ச்சினோம். அப்பா அன்று குடிக்கவில்லை. அதற்கு மேல் அந்த மாதங்களைப் பற்றி இங்கே எழுத எனக்கு முடியவில்லை.

செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து 2010இல் திரும்பினோம். வயலில் கண்ணிவெடி அகற்றி முடியும்வரை காத்திருந்தோம். வாத்தியார் ஐயா அப்போது உயிரோடு இல்லை, காணியை வெளிநாட்டிலுள்ள மகளுக்காக ஓர் உறவினர் பார்த்தார். அவர் வாரம் வேண்டாம், குத்தகை என்று சொல்லிவிட்டார். ஏக்கருக்கு எட்டு மூட்டை, விளைந்தாலும் விளையாவிட்டாலும். தூரத்தில் இருப்பவர்களுக்குக் களத்தில் வந்து நின்று அளக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு சொல் மாற்றத்தோடு வானத்தின் பொறுப்பு முழுவதும் அப்பாவின் தலைக்கு வந்தது.

அந்த ஆண்டிலிருந்து அப்பா சி.ஆர். கொப்பி என்ற குறிப்பேடொன்றில் கணக்கு எழுதத் தொடங்கினார். அது இப்போது என்னிடம் இருக்கிறது. விதைத்த நாள், மருந்துக்குக் கொடுத்த காசு, வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்த இரவுகள், கடன் வாங்கிய இடம், எல்லாம் உண்டு. ஐம்பது கிலோ உரப்பை மானிய விலையில் 350 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்ட காலத்தில், காணிப் பதிவு யாருடைய பெயரிலோ அவருக்கே உரம் கிடைத்ததால், மானிய உரத்தை அந்த உறவினரிடமிருந்து கூடின விலைக்கு வாங்கியதும் எழுதப்பட்டிருக்கிறது. 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து இரண்டு நாட்களில் பயிர் மண்மூடியதற்கு ஒரே வரி: "வெள்ளம். மூண்டு ஏக்கர் போட்டுது." காப்புறுதிக்கு விண்ணப்பிக்க அவர் பெயரில் காணி இல்லை. அதற்குக் கீழே, குத்தகை மூட்டைகளுக்காக நகை அடைவு வைத்த கணக்கு.

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. கார்த்திகையில் தடையை நீக்கியபோது எங்கள் பயிர் ஏற்கனவே மஞ்சளாகியிருந்தது. நல்ல காலபோகத்தில் (பெருமழைக்கால நெற்போகத்தில்) ஏக்கருக்கு இருபத்தைந்து மூட்டைக்குக் குறையாமல் எடுத்தவர் அந்த முறை பதினொன்று எடுத்தார். நான்கு ஏக்கருக்கு நாற்பத்து நான்கு மூட்டை, அதில் முப்பத்திரண்டு குத்தகைக்கு. மிஞ்சிய பன்னிரண்டில் வெட்டு மிசின் கூலியும் கடைக் கடனும் போக, வீட்டுக்கு ஒரு மூட்டையும் வரவில்லை. வாரமாக இருந்திருந்தால், கழிவுகளுக்கு முன் எங்கள் பாதி இருபத்திரண்டு மூட்டையாக இருந்திருக்கும். இந்தக் கணக்கை அப்பாவே கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்திருக்கிறார்.

கடைசிப் பக்கம் 2022 ஐப்பசியில் தொடங்குகிறது. விதைப்பு, களை, இரண்டாம் உரம் வரை அவருடைய கையெழுத்து. தையில் நெஞ்சுவலி வந்து வைத்தியசாலையில் படுத்ததால் அருவி வெட்டு அண்ணாவின் கையெழுத்தில் இருக்கிறது: ஏக்கருக்கு இருபத்துமூன்று மூட்டை. கட்டிலில் கிடந்தபடி அந்த எண்ணிக்கையைக் கேட்டு, "சப்பி கழிச்சோ?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

இப்போதும் அதே நான்கு ஏக்கரை அண்ணா செய்கிறார். சென்ற மாதம் வாத்தியார் ஐயாவின் மகளோடு தொலைபேசியில் பேசி, கமநல சேவை நிலையத்தில் பயிர் செய்பவராகப் பதிய ஒரு கடிதம் தரமுடியுமா என்று கேட்டோம். அவர் நல்ல மனத்தோடுதான் பேசினார், அப்பாவை நினைத்து அழவும் செய்தார். "தம்பி, கடிதம் ஒண்டும் இப்ப வேண்டாம், பெர்மிற்றிலை பிரச்சினை வரும். நீங்கள்தானே எப்பவும் செய்யிறீங்கள்" என்றார். அண்ணா "ஓம் அக்கா" என்று வைத்துவிட்டு, மழைக்கு முன் புழுதி விதைப்பை முடிக்கவேண்டும் என்று உழவு இயந்திரம் பேசப் போனார்.