சாந்தியாகோ பாதையில் 19-ம் நாள்

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட, ஸ்பெயினின் சாந்தியாகோ நகரத்துக்குப் போகும் பழைய கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் நடக்கிறேன். பிரான்ஸ் எல்லையில் தொடங்கிய நடை, மொத்தம் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். பாதிக்கு மேல் கடந்தாச்சு. ஒரு வாரமாக மெசெட்டா பீடபூமி. ஒதுங்க நிழலே இல்லை. வயல், வானம், கல்லில் வரைந்த மஞ்சள் அம்புக்குறி, அவ்வளவுதான். இடது குதிகாலில் கொப்புளம். காலையில் பஞ்சு வைத்துக் கட்டித்தான் கிளம்புகிறேன்.

பையில் ஒரு கூழாங்கல் இருக்கிறது. புற்றுநோய் வார்டில் இருக்கும் சிறுமி ஒருத்தி அதில் பேனாவால் பூ வரைந்து கொடுத்தாள். லியோன் நகரத்துக்கு அப்புறம், மலைமேல் இருக்கும் இரும்புச் சிலுவையின் அடியில் யாத்ரீகர்கள் கல் வைப்பார்கள். அங்கே வைக்கத்தான் பத்திரமாகச் சுமக்கிறேன்.

பயணச் செலவு முழுக்க என்னுடையது. நீங்கள் தருவது அப்படியே குழந்தைகளின் சிகிச்சைக்குப் போகும். சிறு தொகையானாலும் சரி, அனுப்புங்கள். ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.