பூக்கன்று சீசனும் தொழில் தகைமை மதிப்பீடும்

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனை நம்பிப் பூக்கன்று வளர்க்கிறவர்களுக்கு வேலை நன்றாகத் தெரியும். சான்றிதழ்தான் இருக்காது. வங்கியில் கடன் கேட்கும்போதும் ஹோட்டல் தோட்டங்களில் வேலைக்குப் போகும்போதும் அந்தக் குறை தெரியவரும். நாற்றுமேடைத் தொழிலுக்கும் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ., இருக்கிறது. கடையை மூடிவிட்டு வகுப்புக்குப் போக முடியாதவர்கள், செய்த வேலையின் அனுபவத்தைக் காட்டியே மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். நான் நான்காம் மட்டத்தை அந்த வழியில்தான் பெற்றேன். சீசன் முடியட்டும், பிறகு படிக்கலாம் என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சீசன் வேலையை அன்றன்றே எழுதிவைத்தால், படிக்க வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும்.

ஒரு சி.ஆர். கொப்பி போதும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கூட்டம் வரும்போது பெட்டூனியா பூத்து நிற்க வேண்டுமானால், நம் குளிரில் விதைத்ததிலிருந்து மூன்று மாதமாவது வேண்டும். அதனால் டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ விதைக்கிறோம். உறைபனி விழுகிற காலமும் அதுதான். எந்தத் தட்டில் என்ன விதை, மண்ணும் மணலும் கூட்டெருவும் என்ன அளவு, எந்த இரவு மூடினோம், காலையில் எப்போது திறந்தோம் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “ஏன்” என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். மதிப்பீட்டாளர் கேட்பது பெரும்பாலும் அந்த “ஏன்”தான். பெட்டூனியா விதையை ஏன் மண் போட்டு மூடுவதில்லை? அது முளைக்க வெளிச்சம் வேண்டும். பான்சியை ஏன் மூடுகிறோம்? அதற்கு இருட்டு வேண்டும். ஹைட்ரேஞ்சியா இங்கே ஏன் இவ்வளவு நீலமாகப் பூக்கிறது? நம் மலை மண் அமிலத்தன்மை உள்ளது. அந்த மண்ணில் அலுமினியத்தைச் செடி எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது. சுண்ணாம்பு இட்டால் பூ இளஞ்சிவப்புக்குத் திரும்பும். இவற்றைக் கையால் செய்து பழகியவர்களும், வாயால் சொல்லச் சொன்னால் தடுமாறுகிறார்கள். வீட்டில் யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.

அடியழுகலைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள் என்று எண்ணியே தயாராகுங்கள். நாற்றின் கழுத்து நீர்கோத்து நூலாக மெலிந்து, காலையில் தட்டின் ஒரு பக்கம் முழுவதும் சாய்ந்து கிடக்கும். மருந்தின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. நெருக்கமாக விதைப்பது, மாலையில் தண்ணீர் ஊற்றுவது, தொற்று நீக்காத மண், காற்றோட்டம் இல்லாத கூடாரம் என்று காரணங்களை வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

செய்முறையில் என் கையில் ஜெரேனியம் கிளை ஒன்றைக் கொடுத்தார்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே வீச்சில் வெட்டி, கீழ் இலைகளை அகற்றி, மொட்டையும் கிள்ளிவிட்டு நட வேண்டும். கத்தியைத் துடைத்துத் தொற்று நீக்குகிறோமா என்பதையும் அவர்கள் கவனிக்கிறார்கள். அடுத்தது நடுவதற்கான மண் கலவை. ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையை விரித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தொட்டதும் உதிர வேண்டும். நீர் சொட்டினால் ஈரம் அதிகம். இதைப் பேசிக்கொண்டே செய்து காட்டுங்கள். மௌனமாகச் செய்தால் தெரிந்துதான் செய்கிறீர்களா, பழக்கத்தில் செய்கிறீர்களா என்று அவர்களுக்கு விளங்காது.

வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்வதையும் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். கொழும்பிலிருந்து வருகிறவர் பியூஷியாவின் அழகில் மயங்கி வாங்க நிற்பார். அங்கேயுள்ள வெக்கையில் அது நிலைக்காது என்று சொல்லி வேறு கன்றைக் காட்டுவது நேர்மை மட்டுமல்ல, தொழில் அறிவும்தான்.

இந்த மதிப்பீட்டில் புள்ளிகள் கிடையாது. ஒவ்வோர் அலகிலும் தேர்ச்சி உண்டா, இன்னும் இல்லையா என்பதுதான் முடிவு. ஆகவே பலவீனமான பகுதியை மற்றதால் ஈடுகட்ட முடியாது. கணக்கு எழுதுவது உங்களுக்குக் கடினம் என்றால் அதற்குத்தான் முதலில் நேரம் ஒதுக்க வேண்டும். மதிப்பீட்டுத் திகதியை மார்ச் மாதத்தில் கேட்டுப் பாருங்கள். விதைத் தட்டு, பைக்கு மாற்றிய நாற்று, வெயிலுக்குப் பழக்கி வன்மைப்படுத்தும் கன்று, பூக்கத் தொடங்கியது என எல்லாக் கட்டமும் அப்போது ஒரே இடத்தில் இருக்கும். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தோட்டத்துத் தேயிலைத் தவறணையில், அதாவது தேயிலை நாற்றுமேடையில், வேலை செய்த நம் அம்மாமாரும் அக்காமாரும் இதற்குத் தகுதியானவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓர் இலையும் ஒரு மொட்டும் உள்ள தண்டைச் சரியான சாய்வில் வெட்டிப் பையில் ஊன்றி, நிழல் கொடுத்து வேர்பிடிக்க வைத்த கைகள் அவை. ஜெரேனியமும் ரோஜாவும் அவர்களுக்குச் சிரமமே இல்லை. விண்ணப்பத்துக்கு முன் தோட்ட அலுவலகத்தில் சேவைக் கடிதம் கேளுங்கள். “தொழிலாளி” என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தவறணையில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்னென்ன வேலை செய்தார் என்பதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.