டிராகன் வரைய வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் போங்கள்

மூன்று வட்டம், நாலு கோடு, டிராகன் தயார் என்கின்றன பல தொடக்கநிலை ஓவிய வழிகாட்டிகள். அப்படிப் பழகிய பிள்ளையிடம் தலையைத் திருப்பி வரையச் சொன்னால் பென்சில் நின்றுவிடும். அதனால்தான் என் மருமகளுக்குக் கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் கபரக்கொய்யா என்ற பெரிய நீர் உடும்பைக் காட்டினேன். கால்கள் பக்கவாட்டில் விரிந்து நிற்பதை, நடக்கும்போது உடல் நெளிவதை அவளே பார்த்து வரையட்டும். சிறகுக்கு வௌவால். அதன் சிறகைத் தாங்குபவை நீண்ட விரல் எலும்புகள்தாம். இது புரிந்தால் சிறகை மடக்கியும் வரையலாம்.

சுவரோவிய (கிராஃபிட்டி) எழுத்துக்கும் எலும்புக்கூடே முதல். மெல்லிய கோட்டில் எழுதி, தடிப்பாக்கி, நிழலை ஒரே திசையில் போடுங்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தையே காட்டுகின்றன. நம் ‘ழ’வும் ‘ஞ’வும் எவ்வளவு அழகாக வளைந்துகொடுக்கும்! தயவுசெய்து தமிழில் தொடங்குங்கள்.

கட்டடம் வரையப் பழகக் கொழும்புப் புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை விட நல்ல ஆசிரியர் இல்லை. தெருவில் சாய்வாக நின்று பாருங்கள்: கண்மட்டத்துக்கு மேலுள்ள சிவப்பு வெள்ளைப் பட்டைகள் தூரம் போகப் போகக் கீழ்நோக்கிச் சரிந்து ஒரே மறைபுள்ளிக்கு, அதாவது கோடுகள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் புள்ளிக்கு, ஓடும். கூட்டம் சேருமுன், காலையிலேயே போய்விடுங்கள்.