சைட்ட போட்டா மட்டும் பத்தாது, அப்பப்ப கூட்டிப் பெருக்கணும்

சைட் மெயின்டனன்ஸ்னு சொன்னதும் நிறைய பேரு புதுசா ரெண்டு எஸ்இஓ (கூகுள் தேடல்ல மேல வர வைக்கிற வேலை) ப்ளகின் போட்டுட்டு, அதுல பச்சை லைட் எரிஞ்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிறாங்க. நான் மாடித்தோட்டம் பத்தி ஒரு சைட் நடத்துறேன், கூடவே ஃப்ரெண்ட்ஸ் சில பேரோட பிளாகையும் பாத்துக்கிறேன், எனக்கு தெரிஞ்ச வரைக்கும் இந்த வேலையில முக்காவாசி புதுசா எதையும் சேக்குறது இல்ல, ஒடஞ்சு போனத கண்டுபிடிக்கிறதும் வேண்டாதத தூக்குறதும்தான். "முதல் பக்கத்துல கொண்டு வந்துடுறோம் சார்"னு மெயில் வரும்ல, அத படிக்காமலே டெலிட் பண்ணுங்க. முதல் இடத்துக்கு யாராலயும் கியாரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு.

முதல்ல சர்ச் கன்சோல், நம்ம சைட் கூகுள் தேடல்ல எப்படி வருதுன்னு கூகுளே காட்டுற இலவச டூல். தினமும் தொறந்து பாத்து பிபிய ஏத்திக்காதீங்க, மாசத்துக்கு ஒருக்கா போதும். ஆனா போன மாசத்தோட ஒப்பிடாதீங்க, போன வருஷம் இதே மாசத்தோட ஒப்பிடுங்க. அதுல 16 மாச டேட்டாதான் இருக்கும், அதுக்கு முந்தினது போயிடும், அதனால அப்பப்ப எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு ஷீட்ல போட்டு வச்சுக்கோங்க. என் சைட்டுக்கு ஆடி பொறக்குறதுக்கு முன்னாடியே கூட்டம் ஏற ஆரம்பிக்கும், எல்லாரும் ஆடிப்பட்டத்துக்கு விதை தேடி கெளம்பிடுவாங்க, அக்னி நட்சத்திரத்துல ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. மே மாசம் கிராஃப் விழுறத பாத்துட்டு கூகுளோட ஏதோ அப்டேட்ல அடி வாங்கிட்டோம்னு பதறி தலைப்ப எல்லாம் மாத்த ஆரம்பிச்சா, நல்லா இருந்ததும் சேந்து கெட்டுப் போகும்.

அதே ரிப்போர்ட்ல ஜனங்க என்ன அடிச்சு தேடுனாங்கன்னு லிஸ்ட்டு இருக்கும், எனக்கு அதுதான் ரொம்ப புடிக்கும். நாம கத்தரிக்காய்னு எழுதியிருப்போம், அவங்க கத்திரிக்காய்னு தேடியிருப்பாங்க, இன்னும் கொஞ்சம் பேரு தமிங்கிலத்துல அடிச்சிருப்பாங்க. இம்ப்ரெஷன், அதாவது தேடல்ல நம்ம பக்கம் கண்ணுல பட்ட தடவ, நிறைய இருந்தும் க்ளிக்கே விழலன்னா அந்த பக்கத்தோட தலைப்ப பாருங்க, "என் தோட்டத்து அனுபவங்கள் பகுதி 3"ன்னு வச்சா எவன் வந்து க்ளிக் பண்ணுவான்?

அடுத்தது எந்த பக்கம் இண்டெக்ஸ் ஆகல (கூகுளோட பட்டியல்ல சேரல), ஏன்னு சொல்ற பேஜஸ் ரிப்போர்ட். கூகுளோட இலவச பிளாகர்ல (பிளாக்ஸ்பாட்) இருக்குறவங்க இத பாத்து பயந்து எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவாங்க. அதுல பெரும்பாலும் கடைசில கேள்விக்குறி எம்=1னு முடியுற மொபைல் முகவரியும் லேபிள் பக்கங்களும்தான் இருக்கும், லேபிள் பக்கத்த பிளாகரே ரோபோட்ஸ் ஃபைல்ல (தேடுபொறி எங்க வரலாம், எங்க வரக்கூடாதுன்னு சொல்ற ஃபைல்) தடுத்து வச்சிருக்கு, அது அப்படியே கெடக்கட்டும். பயப்பட வேண்டியது வேற: நல்லா ஓடிட்டு இருந்த பக்கம் திடீர்னு 404 (பக்கம் இல்ல) காட்டுறது, சர்வர் எரர், அப்புறம் நோஇண்டெக்ஸ், அதாவது இந்த பக்கத்த சேக்காதேன்னு கூகுளுக்கு சொல்ற குறி. ஒரு ஃப்ரெண்டு சைட்ட ரீடிசைன் பண்ணி குடுத்தவரு வேர்ட்பிரஸ் ரீடிங் செட்டிங்ஸ்ல "சர்ச் என்ஜின் வர வேண்டாம்"ங்கிற டிக்க எடுக்காமலே போயிட்டாரு, கடைய தொறந்து வச்சு ஷட்டர எறக்கி விட்ட மாதிரி. சைட் பாக்க அம்சமா இருந்துச்சு, கூகுள்ல ஒவ்வொரு பக்கமா காணாம போயிட்டே இருந்துச்சு. யாராவது சைட்ல கை வச்சா மறுநாளே அந்த டிக்க போய் பாருங்க.

இப்ப தமிழ்ல எழுதுறவங்களுக்குன்னே இருக்குற தலைவலிக்கு வரேன், இத இங்கிலீஷ் எஸ்இஓ வீடியோவுல எவனும் சொல்ல மாட்டான். தமிழ் தலைப்பு வச்சு பப்ளிஷ் பண்ணா முகவரியும் தமிழ்லயே வரும், ஆனா உள்ள அது பர்சென்ட் குறியா மாறி, ஒவ்வொரு எழுத்துக்கும், புள்ளி, கொம்பு, கால் எல்லாத்துக்கும் தனித்தனியா, 9 இடம் எடுத்துக்கும். வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு (முகவரியோட கடைசில வர்ற போஸ்ட் பேரு) குடுத்திருக்குறது மொத்தமே 200 இடம். அதாவது எழுத்து, புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சேத்து 22, அவ்வளவுதான். "மாடித்தோட்டத்தில் கத்தரிக்காய் வளர்ப்பது எப்படி"ன்னு வச்சா முகவரி "மாடித்தோட்டத்தில்-கத்தர"ன்னு அறுந்து நிக்கும். அடுத்த வாரம் "மாடித்தோட்டத்தில் கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி"ன்னு எழுதுனா அதுவும் கிட்டத்தட்ட அதே இடத்துல வெட்டுப்பட்டு வால்ல ஒரு 2 ஒட்டிக்கும், எது எந்த போஸ்ட்டுன்னு நமக்கே தெரியாது. வாட்ஸப்ல ஷேர் பண்ணா பர்சென்ட் குறியா ஒரு முழம் நீளத்துக்கு லிங்க் போகும், பாக்குறவங்க வைரஸ்னு நினைச்சு தொடவே மாட்டாங்க. அதனால நான் புது போஸ்ட்டுக்கு எல்லாம் ஸ்லக்க மட்டும் சின்னதா இங்கிலீஷ் எழுத்துல கையால போட்டுடுறேன். இதுக்காக பழச எல்லாம் ஒரே நாள்ல மாத்த கெளம்பிடாதீங்க, ஏற்கனவே தேடல்ல நல்லா வர்ற பக்கத்தோட முகவரிய தொடவே தொடாதீங்க, மாத்தியே ஆகணும்னா பழசுலேர்ந்து புதுசுக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வர்றவங்கள நிரந்தரமா புதுசுக்கு திருப்பி விடுறது) போட்டு ஒரு வருஷமாவது அப்படியே விட்டு வைங்க.

பழைய பதிவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கு. உங்க டெம்ப்ளேட்டோட ஹெச்டிஎம்எல்ல தொறந்து ஒரு தடவ மேலேர்ந்து கீழ வரைக்கும் படிங்க. திரட்டிகளோட (எல்லா பிளாக் போஸ்ட்டையும் ஒரே இடத்துல காட்டுன சைட்டுகள்) ஓட்டுப்பட்டை, விருந்தாளி எண்ணுற கவுண்ட்டர், 2019லயே மூடுன கூகுள் பிளஸ் பட்டன், 2021லயே நின்னு போன ஃபீட்பர்னர் (புது போஸ்ட்ட மெயில்ல அனுப்புன கூகுள் சேவை) ஈமெயில் பெட்டி, எல்லாம் அப்படியே உக்காந்திருக்கும். இதுகள ஓட்டுற ஸ்கிரிப்ட் டெம்ப்ளேட்டுக்கு மேல இருக்குற ஹெட் பகுதியில இருந்து, அத குடுத்த சர்வர் பதிலே சொல்லலன்னா, பிரவுசர் அதுக்காக காத்துக்கிட்டு நிக்கும், பக்கம் வெள்ளையா இருக்கும், வந்தவங்க பேக் அடிச்சுட்டு போயிடுவாங்க. இதவிட மோசம், அந்த ஸ்கிரிப்ட்ட குடுத்தவங்களோட பழைய டொமைன வேற யாராவது வாங்கி சூதாட்ட சைட்டுக்கு திருப்பி விடுறது. உள் லிங்குகளையும் அப்படியே பாத்துடுங்க: 2012லேர்ந்து இந்தியாவுல பிளாக்ஸ்பாட்ட தொறந்தா டாட் இன்னுக்கு திருப்பி விட்டாங்க, அட்ரஸ் பார்ல இருந்தத அப்படியே காப்பி பண்ணி லிங்க் குடுத்தவங்க நம்மள்ல ஏகப்பட்ட பேரு, 2020ல அந்த டாட் இன் டொமைன் கூகுள் கையவிட்டே போயிடுச்சு. போஸ்ட்டுக்குள்ள தேடி எல்லாத்தையும் டாட் காமா மாத்துங்க.

வேகத்த பத்தி நெட்ல எக்கச்சக்கமா இருக்கு, சுருக்கமா சொல்றேன். திரையில பெருசா தெரியுற படமோ எழுத்தோ 2.5 செகண்டுக்குள்ள வரணும், தொட்டா 200 மில்லிசெகண்டுக்குள்ள அசையணும், பக்கம் குதிக்குற அளவு 0.1க்குள்ள இருக்கணும். நம்ம சைட்டுல பாதி பிரச்சனை போன்ல எடுத்த 4 எம்பி போட்டோவ அப்படியே ஏத்துறதுதான், வெப்பி (WebP, சைஸ் கம்மியான பட ஃபார்மட்) ஆக்கி, அகலத்த கொறச்சு, அகல உயரத்த கோட்ல எழுதி போடுங்க. முதல் படத்துக்கு மட்டும் லேசி லோடிங் (கீழ எறங்கி வரும்போதுதான் படத்த ஏத்துறது) வேணாம். ரெண்டு மூணு தமிழ் ஃபாண்ட் லோட் பண்றவங்க ஒண்ண வச்சுக்கிட்டு மத்தத தூக்குங்க. வேகத்த அளக்குற டூல்ல நூறுக்கு நூறு ஸ்கோர் வரலன்னு ராத்திரி முழிச்சுட்டு உக்காராதீங்க, எழுதுனது நல்லா இருந்தா 80ஏ தாராளம்.

பழைய போஸ்ட்டுகள்ல தேதிய மட்டும் மாத்தி புதுசு மாதிரி காட்டுறது ஒரு வியாதி, அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. சைட்மேப்ல (கூகுளுக்கு குடுக்குற நம்ம பக்கங்களோட லிஸ்ட்டு) கடைசியா மாத்துன தேதி நம்புற மாதிரி இருந்தாத்தான் கூகுள் அத கணக்குல எடுத்துக்கும், பிரியாரிட்டின்னு ஒண்ணு போடுறோமே அத அது பாக்குறதே இல்ல. மாவுப்பூச்சி பத்தியே வேற வேற வருஷத்துல எழுதுன நாலஞ்சு குட்டி போஸ்ட் இருந்தா எல்லாத்தையும் ஒண்ணாக்கி, வேப்பெண்ணெய் கரைசல் எந்த அளவுல கலக்கணும்னு படத்தோட தெளிவா எழுதி, மத்ததுலேர்ந்து இதுக்கு 301 போடுங்க. எனக்கு பலன் குடுத்ததுல இதுக்கு இணையா எதுவும் இல்ல, ஆனா தெரிய மாசக்கணக்குல ஆகும்.

அப்புறம் கூகுள்ல இங்கிலீஷ்ல சைட்னு அடிச்சு, முக்காப்புள்ளி வச்சு, இடைவெளி விடாம உங்க டொமைன போட்டு தேடிப் பாருங்க. சம்பந்தமே இல்லாம ஜப்பான் மொழியில பிராண்டு செருப்பும் பையும் விக்குற பக்கம் வந்தா சைட்ட ஹேக் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம், உடனே ஹோஸ்டிங்காரங்கள கூப்பிடுங்க. பிரவுசர்ல பூட்டு காட்டுறதுக்கு லெட்ஸ் என்க்ரிப்டோட இலவச சர்ட்டிஃபிகேட் போட்டிருந்தா, அது முடியப்போகுதுன்னு வந்துட்டு இருந்த மெயில 2025 ஜூன்ல நிறுத்திட்டாங்க, அதனால தானா ரினியூ ஆகுதான்னு நீங்களே பாத்துக்கணும். டொமைனுக்கு ஆட்டோ ரினியூவல் இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க, 2021 அக்டோபர்ல ரிசர்வ் வங்கி விதி மாறினதுலேர்ந்து வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரார்கிட்ட (டொமைன் விக்குற கம்பெனி) நம்ம ஊரு கார்டு பல சமயம் ஃபெயில் ஆகும். அந்த ஃபெயில் மெயில் எந்த ஐடிக்கு வருதுன்னும் பாருங்க, பல பேருக்கு அது காலேஜ்ல தொறந்து பாஸ்வேர்டே மறந்து போன ஐடியாத்தான் இருக்கும்.