வேண்டாம் என்பவரையும் போடச் சொன்னது

"அண்ணை, தாள் வந்ததோ?"

பிரிட்டனில் எங்கள் பல்கலைக்கழக ஊழியர் சங்கத்தின் வேலைநிறுத்த வாக்கெடுப்பு முடிய ஒரு கிழமை இருக்கும்போது, வாக்குத்தாள் பற்றி உறுப்பினர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான். வந்திருந்தால் தபாலில் சேர்த்தாயிற்றா, வராவிட்டால் மாற்றுத் தாளுக்குப் பதிந்தாயிற்றா என்பது அடுத்தது. கணினிப் பிரிவில் இருக்கும் அந்த அண்ணை எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு, "தம்பி, நான் வேண்டாமெண்டுதான் போடுவன். எண்டாலும் போடச் சொல்லுறீரோ?" என்றார்.

"ஓம் அண்ணை, கட்டாயம் போடுங்கோ. உங்கட முடிவும் எண்ணப்பட வேணும்."

சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

பிரிட்டனின் 2016ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி, வாக்குரிமை உள்ளவர்களில் குறைந்தது 50 வீதமானவர்கள் வாக்களித்திருக்க வேண்டும். ஆமா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான். 1,000 பேர் உள்ள கிளையில் 499 தாள் வந்து, 499ம் 'ஆம்' என்றாலும் வேலைநிறுத்தம் இல்லை. 500 தாள் வந்து 251 'ஆம்' என்றால் உண்டு. அந்த 500ஆவது தாள் 'வேண்டாம்' என்று சொன்னாலும் வேலைநிறுத்தத்துக்குக் கதவைத் திறப்பது அதுதான். கிளைவாரியாக எண்ணும்போது, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் கிளையில், எதிர்ப்பவர் உறையைப் பிரிக்காமல் மேசையிலேயே விட்டுவிடுவதுதான் அவருக்கு ஆகப் பலமான வாக்கு. அவர் கேட்டது இதைத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

தொழிற்சங்க வேலை செய்பவர்கள் ஏன் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. தோற்பது அனேகமாக 'வேண்டாம்' வாக்குகளால் அல்ல, தபாலால். தாளை நேரே அலுவலகத்தில் கொடுக்க முடியாது; வீட்டு முகவரிக்குத்தான் போகும். வீடு மாறியவர் முகவரியைத் திருத்தியிருக்க மாட்டார். மாற்றுத் தாள் கேட்கும் கெடு வாக்கெடுப்பு முடிவதற்குச் சில நாட்கள் முன்பே முடிந்துவிடும். கடைசி நாளில் தபாற்பெட்டியில் போட்ட தாள் எண்ணப்படாது. அன்றைக்குச் சுயாதீன வாக்குக் கண்காணிப்பாளரின் கையில் இருக்க வேண்டும். தாளில் கேள்வியும் இரண்டு: வேலைநிறுத்தத்துக்குச் சம்மதமா, வேலைநிறுத்தத்துக்குக் குறைந்த நடவடிக்கைகளுக்குச் சம்மதமா. அவசரத்தில் ஒன்றுக்கு மட்டும் புள்ளடி போட்டுவிட்டு உறையை ஒட்டிவிடுகிறார்கள்.

2023 நவம்பரில் வெளியான நாடளாவிய முடிவை இந்தத் துறையில் யாரும் மறக்க மாட்டார்கள். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 'ஆம்'. பங்கேற்பு 43 வீதத்தைக்கூட எட்டவில்லை. அவ்வளவும் வீண். அப்படித் தோற்றவர்கள் எதிரே வரும் ஒவ்வொருவரிடமும் "போடுங்கோ" என்பதில் என்ன தவறு? எதிர்ப்பவருக்கு உத்தி சொல்லிக் கொடுப்பது எங்கள் கடமையும் இல்லை. பேசாமல் இருப்பதையே எதிர்ப்பாக எண்ண வைத்தது சட்டம், நாங்கள் அல்ல.

இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் அவர் எதிராளி இல்லை, உறுப்பினர். மாதச் சந்தா கட்டுபவர். மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்த மறுத்த 2023 புள்ளியிடல் பகிஷ்கரிப்பில் சில பல்கலைக்கழகங்கள் பாதிச் சம்பளத்தை வெட்டின, சில முழுதையும் வெட்டின. வீட்டுக்கடன் கட்டும் ஒருவர் அதை நினைத்துப் பயப்படுவது நியாயம். விசாவில் இருப்பவர்கள் கேட்டால், சட்டபூர்வமான வேலைநிறுத்த நாட்கள் சம்பளமற்ற விடுப்புக் கணக்கில் சேராதபடி விதி மாற்றப்பட்டதை எடுத்து விளக்குகிறோம். நமக்குச் சாதகமான விதி என்பதால் முழுதாகச் சொல்கிறோம். அவருடைய கேள்விக்கும் அதே முழுமை வேண்டாமா? "போட்டால் பங்கேற்பு கூடும், அது உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம், எண்டாலும் போடுங்கோ எண்டுதான் நான் கேட்பன்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் அவர் போட்டிருப்பாரா? அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் கிளை 50 வீதத்தைத் தாண்டியது. விரல்விட்டு எண்ணக்கூடிய வித்தியாசம். தகுதியுள்ளவர்கள், போட்டவர்கள், 'ஆம்', 'இல்லை', செல்லாதவை என்று சட்டப்படி அறிவிக்க வேண்டிய எல்லா எண்களும் வந்தன. அவர் தாள் அதில் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது; யார் போட்டார் என்பதை உறுப்பினரே சொன்னால்தான் சங்கத்துக்குத் தெரியும். தானே சொல்லாதவரை யாரும் கேட்கவும் இல்லை.

வாக்கெடுப்பில் வென்றால் கிடைக்கும் வேலைநிறுத்த ஆணை அப்போது ஆறு மாதம்தான் செல்லும். பேச்சுவார்த்தை இழுத்தது, ஆணை காலாவதியாகியது, மறுபடி வாக்கெடுப்பு. பழைய அழைப்புப் பட்டியலைத் திறந்தபோது அவர் பெயருக்கு நேரே நான் எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது: "பேசியாயிற்று. போடுவார்." இந்த முறை அவரை அழைக்க வேண்டியவர் வேறொருவர். அந்தக் குறிப்புக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்று தெரியும். என்ன எழுதுவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.